பொம்மைப் படம் பார்க்கிற பொண்ணு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடச் சொல்லிவிட்டு, "புள்ளைங்க ரெண்டும் கொஞ்ச நேரம் தனியாப் பேசட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தனியாக என்றால், மற்றவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான்கடி தள்ளி. எங்கள் ஹாலே அவ்வளவுதான். நாங்கள் போய் உட்கார்ந்ததும், அதுவரை மிளகு போட்டு வறுத்த முந்திரியை மென்றுகொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்தன. சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். இது மூன்றாவது. பையன் பெயர் ஜெரால்டு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கூட வந்திருந்தது அவருடைய அம்மாவும், திட்டக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை பெனிட்டாவும். பெனிட்டா என்னைவிட இரண்டு வயது பெரியவர். மடியில் தூங்குகிற குழந்தையோடு கதவோரமாக உட்கார்ந்தவர், வந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். கோயில் பாட்டுக் குழு, தையல், சமையல். அதே வரிசையில். நான் பாடினால் பாட்டுக் குழு நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

ஜெரால்டு அதையெல்லாம் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த என் ஃபோன் சிணுங்க, எடுத்து என்னிடம் கொடுக்கப் போனவர், அதன் பின்னட்டையைப் பார்த்துவிட்டார். அதில் பெரிய கண்ணும் நீல முடியும் உள்ள ஒரு பெண்ணின் படம்.

"நீங்க அனிமே பாப்பீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு நொடி உள்ளே ஏதோ குதித்தது. மறைப்பானேன்?

"அது என்னாடா? எதுனா படிப்பா?" என்றார் அவர் அம்மா.

"ஜப்பான் ஆர்ட்டும்மா. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் பாப்பாங்க."

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கும் பெரியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அனிமே என்பது ஜப்பான்காரர்கள் எடுக்கிற கார்ட்டூன் தொடர். சின்னப் பிள்ளைகளுக்கும் உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொம்மைப் படம். "கழுத வயசாவுது, பொம்மப் படம் பாக்குது" என்று அன்று காலைதான் அம்மா திட்டியிருந்தார்.

அதே அம்மா சமையலறை வாசலில் நின்று, "ஆமாங்க, அவளுக்குச் சின்னதுலேந்தே கலைன்னா உசுரு" என்றார்.

மாப்பிள்ளை பார்த்தால் கலை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

ரசனை வந்த வழி

ரொம்ப நாளாக நான் ஒரு நினைப்பில் இருந்தேன். ஊரே மெகா சீரியல் பார்க்கும்போது நான் மட்டும் ஜப்பான் தொடர் பார்க்கிறேன் என்றால், என் ரசனை தனி. பிறக்கும்போதே கூட வந்தது. பத்துப் பேரிடம் இதைச் சொல்லவும் செய்திருக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் ரசனை வந்த வழி புரிந்தது.

முதலில் டிவி. எங்கள் அப்பா பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு ஊற்றுகிறவர். அதாவது அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றிப் பொம்மை எடுக்கிற வேலை. அவர் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். அம்மா நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவார். ஆக, நாலிலிருந்து ஐந்து வரை ரிமோட் என் கையில். அந்த ஒரு மணி நேரத்தில் எந்தச் சானலில் தமிழ் பேசுகிற ஜப்பான் பொம்மை ஓடியதோ, அதுதான் என் தனி ரசனை. குழாயில் மூன்று மணிக்குத் தண்ணீர் வந்திருந்தால் நான் சமையல் நிகழ்ச்சி ரசிகை ஆகியிருப்பேன்.

அடுத்தது ஒரு கன்னியாஸ்திரி. கான்வென்டில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த சிஸ்டர், தப்பாக வாசித்தால் அதே பக்கத்தைப் பத்துத் தடவை சத்தமாக வாசிக்க விடுவார். நான் நிறையத் தப்பாக வாசிப்பேன். அதனால் இன்றைக்கும் படத்தின் அடியில் ஓடுகிற ஆங்கில வரிகளை மறைவதற்குள் படித்துவிடுவேன். என்னை எதற்குத் தயார் செய்தோம் என்று தெரிந்தால் அவர் எனக்காக ஜெபமாலை சொல்வார்.

மூன்றாவது ரஹ்மத். கல்லூரியில் என் பக்கத்து இடம். மங்கலம்பேட்டைப் பெண். அவள் அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் இருந்தார். வரும்போது ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். மகள் படிப்பதற்காக. நாங்களும் அதை வைத்து நன்றாகவே படித்தோம், ஜப்பான் பள்ளிக்கூடங்களில் என்னென்ன நடக்கிறது என்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயர்ஃபோன் ஒயரின் ஒரு முனை அவள் காதில், இன்னொரு முனை என் காதில். புளிசாதத்தை எந்தப் பக்கம் மெல்கிறோம் என்றுகூடக் கவனமில்லாமல் மெல்லுவோம்.

அத்தா குவைத்தில் இல்லாமல் பஜாரில் கடை வைத்திருந்தால் டேப்லெட் இல்லை. டேப்லெட் இல்லையென்றால் என் தனி ரசனையும் இல்லை.

பார்க்காத ரசிகை

இங்கே இன்னொருத்தியைச் சொல்லாமல் போக முடியாது. சங்கீதா. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் மாடு, வயல், இரண்டு தம்பிகள். ஃபோன் ஒன்றுதான், அது அவள் அப்பா சட்டைப் பையில். ஒயருக்கு இரண்டு முனைதான் இருந்ததால் எங்களோடு அவளால் பார்க்க முடியாது. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னிக்கி என்னா ஆச்சுடி? அந்தப் பொண்ணு மலைக்குப் போனாளா?"

நான் சொல்வேன். நின்று, கையை ஆட்டி, சண்டை போட்டுக் காட்டிச் சொல்வேன். அவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிடுவாள். மூன்று வருஷத்தில் நாலு தொடரின் கதையும் அவளுக்கு அத்துப்படி. எனக்கு மறந்துபோன பெயர்களை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள்.

அவள் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. அவளை ரசிகை என்பதா, வேண்டாமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் அனிமே ரசிகர்கள் என்று கறுப்பு டி-ஷர்ட் போட்டுத் திரிந்த நாலு பையன்களிடம் ஒருமுறை கேட்டேன். "பாக்காதவங்கள எப்படிங்க சேத்துக்கறது?" என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த என்னையும் ரஹ்மத்தையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை அப்போது நான் ஞாபகப்படுத்தவில்லை.

செத்தவர் பிழைத்தார்

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஜெரால்டு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அனிமேவுக்கு வந்தது இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில். அறைக்கு அறை லேப்டாப். ஒருவன் இறக்கிவைத்ததை நாற்பது பேர் பார்ப்பார்களாம். கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது. எனக்குக் கிடைத்தது தம்பியின் பழைய ஃபோனும், ஜன்னலோரம் நின்றால் மட்டும் வருகிற நெட்டும்.

பிறகு அவர் ஒரு தொடரின் பெயரைச் சொன்னார். கடலுக்கடியில் மூழ்கிப்போன ஊரைத் தேடிப் போகும் ஒரு பெண்ணும், அவளுக்குப் படகோட்டுகிற வயசான மாலுமியும். எனக்கும் ரொம்பப் பிடித்தது.

"கடைசி எபிசோடுல அந்த மாலுமி சாவாரு பாருங்க. எங்க ஹாஸ்டலே அழுதுச்சுங்க."

"அவரு சாவலியே."

வாய்க்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லாததால் அது வெளியே வந்துவிட்டது.

"இல்லங்க, செத்துடுவாரு. தண்ணிக்குள்ள போயிடுவாரு."

"போவாருங்க. ஆனா கடைசியில பேரு ஓடுற பாட்டு முடிஞ்சப்பறம் ரெண்டு நிமிஷம் வரும். கரையில கெடப்பாரு. நெஞ்சு ஏறி எறங்கும்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிப்போமே, அது.

"பொண்ணுங்க பொதுவா லவ் ஸ்டோரிதான் பாப்பீங்க. இது வேற லெவல். நீங்க வேற எதையோ நெனச்சிக்கிட்டு சொல்றீங்க."

சமையலறையிலிருந்து அம்மா இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சரிதான் என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது. நல்ல பையன். நல்ல வேலை. அப்பா அன்றைக்கு நகத்திலிருந்த வெள்ளை மண்ணையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் ஃபோனை எடுத்து அந்த எபிசோடைப் போட்டேன். ஒருநாளும் எங்கள் ஹாலுக்குள் வராத நெட், அன்றைக்குப் பார்த்து முதல் தட்டிலேயே வந்தது.

எனக்கு அந்த இரண்டு நிமிடம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு நெட்டில் பாட்டைத் தள்ளிவிட்டால் படம் அப்படியே சுற்றிக்கொண்டு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதனால் எதையும் தொடாமல், எழுத்து ஓடி முடிகிறவரை முழுசாகப் பார்ப்பேன். ஹாஸ்டல்காரர்களுக்கு வேகமான வசதி. பாட்டு வந்ததும் மூடிவிட்டு அழப் போய்விட்டார்கள்.

ஜெரால்டு அந்த இரண்டு நிமிடத்தையும் பார்த்தார். கரை, நுரை, ஈர மணலில் ஒரு நண்டு, மாலுமியின் விரல், பிறகு நெஞ்சு.

"ஓ" என்றார்.

"என்னாடா ஆச்சு?" என்றார் அவர் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

ஹாலில் மறுபடி முந்திரி மெல்லுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. நிமிர்ந்தபோது கதவோரமிருந்து பெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கும் என்று நினைத்துக் குனிந்துகொண்டேன்.

உபதேசியார் கொண்டுவந்த செய்தி

மூன்றாம் நாள் உபதேசியார் வந்தார். கோயிலில் ஃபாதருக்கு உதவியாக ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர். வரன்களையும் அவர்தான் கொண்டுவருவார். டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்ளைக்கே பரிச்ச வச்சிட்டதா அந்த வூட்டுல பேசிக்கிறாங்க. ஆனா பையனுக்குப் புடிச்சிருக்குது. அவங்கம்மாவுக்குத்தான் மனசு ஆறல. ஒரே ஒரு வார்த்தங்க. 'நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன், நீங்க சொன்னதுதான் சரி'ன்னு பாப்பா ஒரு மெசேஜ் போட்டுட்டா, அவங்கம்மாகிட்டக் காட்டிட்டு முடிச்சிடலாம்னு பையன் சொல்லுது."

அதாவது நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் கூடவே உட்கார்ந்து பார்த்தவரிடமே.

"போட்டுடேன்டி" என்றார் அம்மா. "அந்த ஆளு பொழச்சா நமக்கென்னா, செத்தா நமக்கென்னா?"

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னோடு படித்தவர்களில் ரஹ்மத் கல்யாணமாகிக் குவைத்துக்கே போய்விட்டாள். சங்கீதாவுக்கு இரண்டாவது பிள்ளை. கோயிலில் யாராவது "ஜெசிந்தாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்று கேட்பார்கள் என்பதற்காகவே அம்மா பூசை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விடுவார்.

நான் உறுதியாக நின்றேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது அதுவல்ல. ஃபோனை எடுத்தேன். 'நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று அடித்தும் விட்டேன். அனுப்புகிற இடத்துக்கு மேலே விரல் நின்றுகொண்டிருந்தது.

அப்பா கேட்டார்.

"அந்தாளு செத்தானா, சாவலியா?"

"சாவலப்பா."

"காட்டு."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்று, ஃபோனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு நெட் வழக்கம்போல் மந்தம். பாட்டு முழுக்க ஓடியது. ஜப்பான் எழுத்துகள் வரிவரியாக மேலே போயின. உபதேசியாரின் டீயில் ஏடு கட்டியது. அப்பா அசையவில்லை. முப்பது வருஷமாக அச்சு இறுகுவதற்குக் காத்திருந்து பழகிய மனிதர். ஒரு பாட்டுக்குக் காத்திருக்க முடியாதா.

கரை வந்தது. நண்டு வந்தது. அப்பா ஃபோனைக் கிட்டக் கொண்டுவந்தார். உபதேசியாரும் எட்டிப் பார்த்தார்.

"மூச்சு இருக்குது" என்றார் அப்பா.

"ஆமாங்க, இருக்குது" என்றார் உபதேசியார். பிறகு, "யாருங்க இவரு?" என்றார்.

அப்பா ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

"உசுரோட இருக்குற ஆள செத்துட்டான்னு எம்பொண்ணு எப்படிங்க எழுதித் தருவா? நாளைக்கி இன்னும் என்னென்னா எழுதித் தரச் சொல்லுவாங்களோ. வேணாங்க. போயிட்டு வாங்க."

நான் அடித்ததை அழித்தேன்.

அந்த வரன் அத்தோடு முடிந்தது. அம்மா பத்து நாள் எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவார். நானும் வீரமாக ஒன்றும் இருந்துவிடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மாலுமி பேசாமல் செத்துத் தொலைந்திருக்கலாம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன்.

அப்பா இதனால் அனிமேவுக்கு ஆதரவாளர் ஆகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, "எந்நேரமும் என்னா அந்தப் பொம்மப் படம்?" என்று கத்தினார். பிள்ளையாரும் மாதாவும் ஒரே சூளையில் வேகிற ஊர் எங்களுடையது. பொம்மை செய்துதான் எங்கள் வீட்டில் சோறு. நானும் பக்கத்துக் கம்பெனியில் அதே பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டி அனுப்புகிறேன். செய்யலாம், விற்கலாம், கும்பிடலாம். அசைந்தால் மட்டும்தான் ஆகாது.

திட்டக்குடியிலிருந்து ஒரு ஃபோன்

இரண்டு மாதம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். புது நம்பர். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"ஜெசிந்தாவா? நான் பெனிட்டா. ஜெரால்டு தங்கச்சி."

திட்டத்தான் போகிறார் என்று எழுந்து கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டேன். திட்டுவதைக் கூட வேலை செய்கிறவர்கள் கேட்க வேண்டாமே.

"உபதேசியார்கிட்ட நம்பர் வாங்குனேன். தப்பா எடுத்துக்காத. அண்ணனுக்கு வேற எடம் முடிஞ்சிட்டுது. அதச் சொல்லக் கூப்புடல."

"சொல்லுங்கக்கா."

குழந்தையைச் சமாதானப்படுத்துகிறார் போலிருந்தது.

"எனக்கு அனிமே காட்டுனதே அண்ணன்தான். லீவுக்கு லேப்டாப்போட வருவான். பக்கத்துல ஒக்காத்தி வச்சிக்கிட்டு, இது உனக்குப் புரியாது, அது உனக்குப் புரியாதுன்னு சொல்லிக்கிட்டே காட்டுவான். கல்யாணம் ஆயி இங்க வந்தப்பறம் வூட்டுல நானும் பாப்பாவுந்தான். அவரு சவுதியில. பாப்பா மத்தியானம் தூங்குறப்ப நானே ஃபோன்ல பாப்பேன்."

"ம்."

"அந்தப் படகுக்காரரு கதைய ஒருநா பாத்துக்கிட்டு இருந்தேன். பாப்பா என் கை மேலயே தூங்கிப்போச்சு. கைய எடுத்தா முழிச்சிக்கும். நிறுத்தவும் முடியல, மாத்தவும் முடியல. பாட்டு அதும்பாட்டுக்கு ஓடுது."

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமாக்கா? அன்னிக்கி எங்க வூட்டுல ஒக்காந்திருந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம்" என்றார் பெனிட்டா. "ஹாஸ்டல்ல எல்லாரும் அழுதோம்னு எத்தினி தடவ சொல்லியிருக்கான் தெரியுமா எங்கிட்ட? ஒரு தடவகூட நான் வாயத் தொறக்கல. அன்னிக்கி நீ ஃபோன எடுத்துப் போட்ட பாரு. எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிட்டுது."

உள்ளே சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

"அதுலயும் அந்தக் கைவெரல் அசையிற எடம் இருக்குதே..." என்று ஆரம்பித்தார் பெனிட்டா. குரல் சட்டென்று வேறாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பெண் போல அவசரம் அவசரமாகப் பேசினார். நண்டைப் பற்றி, நுரையைப் பற்றி, அந்தப் பெண்ணுக்கு மாலுமி உயிரோடிருப்பது தெரியுமா தெரியாதா என்பதைப் பற்றி. நடுவில் தானே நிறுத்தி, "ரொம்பப் பேசறனா?" என்றார்.

"இல்லக்கா. பேசுங்க."

"இல்ல, ரெண்டு வருஷமா யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன் ஜெசி."